மாதிரி எண் இருபது-அ

கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில், பெரிய டாக்டர். அவருக்கு வலப்பக்கம், அவர் தும்மினால் கைக்குட்டை நீட்டும் தூரத்தில், மேனேஜர். இடப்பக்கம், கூட்டக் குறிப்பு நோட்டோடு தலைமை நர்ஸ். மேசையின் மறுகோடியில், மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில், லேப் அக்கா. சுவரோரம், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்றபடி, பிரசவ வார்டைக் கூட்டித் துடைக்கும், ஓயாத பேச்சால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பெண். அறையில் நாற்காலி ஐந்து இருந்தது. ஐந்தாவதில் மேனேஜரின் தோல் பை உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை காலை பத்தரை மணி. பெரிய டாக்டரின் தலைக்கு மேலே, சுவரில், பெரிய டாக்டர். இரண்டு கையிலும் சோப்பு நுரையோடு சிரித்துக்கொண்டிருந்தார். 'கை கழுவுவோம், உயிர் காப்போம்' என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. மாடிப்படித் திருப்பம், மருந்து கொடுக்கும் ஜன்னல், கழிவறைக் கதவு என்று அந்த ஆஸ்பத்திரியில் மொத்தம் பதினோரு இடத்தில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவதாக நேரில் எங்காவது கழுவினாரா என்பதை லேப் அக்கா பார்த்ததில்லை.

ஒன்பது நாளில் மூன்று தாய்மார்கள். மூவருக்கும் பிரசவம் சுகமாகத்தான் முடிந்தது. மறுநாளோ அதற்கு மறுநாளோ குளிர் தூக்கிப்போட்டது, அடிவயிறு கல்லாக இறுகியது, காய்ச்சல் நூற்று நான்கைத் தொட்டது. முதல் இருவர் ஊசி மருந்தில் தேறினார்கள். மூன்றாமவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பி, அங்கே கருப்பையை எடுத்துத்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். வயது இருபத்து மூன்று. மூவரின் மாதிரியையும் வளர்த்துப் பார்த்தபோது மூன்று தட்டிலும் ஒரே ஆள்தான் முகம் காட்டினான்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

அவனை லேப் அக்காவுக்கு உத்தியோகத்தில் சேருவதற்கு முன்பே தெரியும், குடும்பத்து ஆள் மாதிரி. கோர்த்த மணிகளாக வரிசை பிடித்து நிற்கும் பொடிப்பயல். தொண்டையில் உட்கார்ந்தால் எச்சில் விழுங்க விடமாட்டான். தோலில் உட்கார்ந்தால் சிரங்கு. சில பிள்ளைகளுக்கு மேலெல்லாம் உப்புக் காகிதம் போலச் சிவந்து தடித்துக் காய்ச்சல். தொண்டை வலிதானே என்று விட்டுவிட்டால் சில வாரம் கழித்து மூட்டு மூட்டாக வீங்கவைத்து, கடைசியில் இதயத்தின் வால்வில் கைவரிசையைக் காட்டிவிட்டுப் போவான். அவள் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆயிற்று. அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் தொண்டை வலி, ஒரே படுக்கை, ஒரே போர்வை. தம்பி மூன்றாம் நாள் தெருவில் பந்து விளையாடப் போனான். அண்ணனுக்கு அன்றிலிருந்து மாடிப்படி என்றால் நடுவில் இரண்டு தரம் நிற்க வேண்டும். நாற்பது வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி.

அந்தத் தம்பிதான் இப்போது பெரிய டாக்டருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மேனேஜர். லேப் அக்காவுக்குச் சொந்தக் கொழுந்தன்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிக்கையைப் படித்தார். ஊழியர்கள் பத்தொன்பது பேருக்கும் தொண்டையில் மாதிரி எடுத்தாயிற்று, பத்தொன்பதும் சுத்தம் என்றார். பிறகு குரலை இறக்கி, ஆனாலும் ஒரு விஷயம் கவனத்துக்கு வந்திருக்கிறது என்றார். போன வாரம் முழுக்க ரேடியோ வாயே திறக்கவில்லை. விடிந்தால் வாசலில் பேச ஆரம்பித்து, சாயங்காலம் வாசலில்தான் முடிக்கும் அந்த மனுஷிக்கு ஏழு நாள் பேச்சு நின்றிருக்கிறது என்றால் காரணம் தொண்டை வலி. தொண்டை வலி என்றால் கிருமி. மாதிரியில் வரவில்லையே என்றால், முன்கூட்டியே மாத்திரை விழுங்கிவிட்டு வந்து குச்சிக்கு வாயைத் திறந்திருக்கிறது. ஆகவே ரேடியோவை நிறுத்திவிட்டு, வார்டைக் கழுவி, திங்கட்கிழமை திறக்கலாம். நான்கு பிரசவம் காத்திருக்கிறது.

கூட்டல் கணக்கு மாதிரி இத்தனை சுத்தமாக ஒரு முட்டாள்தனத்தை அடுக்க முடியும் என்று லேப் அக்காவுக்கு அதுவரை தெரியாது.

ரேடியோ, இன்னும் முழுசாகத் திரும்பாத குரலில், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்ததைத் தவிரத் தான் எதுவும் விழுங்கவில்லை என்று சொல்லப் பார்த்தாள். பெரிய டாக்டர் கையை உயர்த்தினார். உயர்த்திய கையை அப்படியே கொண்டுபோய் வலது காதுக்குப் பின்னால் பேனா மூடியால் சொறிந்துகொண்டார். கூட்டம் தொடங்கியதிலிருந்து இது ஆறாவது தடவை. லேப் அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். எதையும் எண்ணிவைப்பது அவள் வழக்கம்.

"பத்தொன்பது பேர் லிஸ்ட் எதைப் பார்த்து எழுதினீங்க, தம்பி?" என்று கேட்டாள்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான், வேறெதைப் பார்த்து எழுதுவார்கள் என்றார் மேனேஜர்.

"அதுல கையெழுத்துப் போடறவங்க பத்தொன்பது பேர். பிரசவ ரூமுக்குள்ள போறவங்க இருபது பேர்."

தலைமை நர்ஸின் பேனா மட்டும் நோட்டில் ஊர்ந்தது. அந்த ஆஸ்பத்திரியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதவர் ஒரே ஒருவர்தான். அவர் வருகிறவர் அல்ல, எழுந்தருளுகிறவர். அந்த நோட்டை அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. அதிலிருந்து பெயர்களைப் பார்த்து எழுதிய மேனேஜருக்கு ஒரு பெயர் குறைகிறதே என்று தோன்றவும் இல்லை. மரியாதை அத்தனை தூரம் கண்ணை மறைத்திருந்தது.

பெரிய டாக்டர் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை மேனேஜரும் கூடச் சிரித்தார்.

"முப்பது வருஷத்துல எத்தனை ஆயிரம் பிரசவம் பார்த்திருக்கேன். என்னையே சந்தேகப்படறியாம்மா நீ? சரி, வா. எங்க வேணும்னாலும் எடுத்துக்க."

அவர் எதிர்பார்த்தது, லேப் அக்கா கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்பாள் என்று. அவள் கோட்டுப் பையிலிருந்து உறை பிரிக்காத பஞ்சுக் குச்சி இரண்டை எடுத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி ஒன்றால் தொண்டையில் தடவினாள். "எங்க வேணும்னாலும்னு சொன்னீங்களே டாக்டர்," என்று அடுத்ததைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு புண். ஓரம் காய்ந்து, நடுவில் ஈரம் கசிந்து, மாஸ்க் நாடா படும் இடத்தில் சரியாகக் கோடு விழுந்திருந்தது. இரண்டு உறையிலும் எண் போட்டாள்: 20, 20-அ. படிவத்தை நீட்டினாள். வாயைத் திறந்த சூட்டோடு சூடாக அவர் கையெழுத்தும் போட்டுத் தொலைத்தார், வெற்றி பெற்றவர் போலக் கோணல்மாணலாக.

வியாழக்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்தாள். தொண்டைத் தட்டில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. காதுத் தட்டில் கேட்கவே வேண்டாம். ரத்தம் கலந்த அந்தச் சிவப்புத் தட்டில் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ரத்தத்தைத் தின்று தீர்த்துக் கண்ணாடியாகத் தெளிந்த வளையம். ஒரு புள்ளியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஊதா நிறத்தில் வரிசை வரிசையாக மணிகள். உறுதிப்படுத்தும் சோதனைக்கு இன்னொரு தட்டில் தேய்த்து, மருந்து வில்லை வைத்து, மறுபடி உள்ளே தள்ளினாள். முடிவு வெள்ளிக்கிழமைதான் வரும். வராத முடிவை வந்ததாகச் சொல்ல அவள் என்ன மேனேஜரா?

மதியம் ரேடியோ வாளியும் துடைப்பமுமாக லேபுக்கு வந்தாள். குரல் பாதிக்கு மேல் திரும்பியிருந்தது.

"ஏன்க்கா, வருஷம் பூரா பேசினேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. ஒரு வாரம் பேசாம இருந்தேன், வேலையே போகுதுங்கறாங்க. பேசிக்கிட்டே இருந்திருக்கலாம்."

லேப் அக்கா சிரித்துவிட்டாள். பிறகு, பெரிய டாக்டருக்கு உன் மேல் அப்படி என்ன ஆத்திரம் என்று கேட்டாள். ரேடியோ சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோனது. கையுறை போட்ட பிறகும் அவருக்குக் காதோரம் அரிக்கும். மாஸ்க் நாடாவை இழுத்து இழுத்துச் சரிசெய்வார். அதே கையோடு திரும்பிப் பிரசவம் பார்ப்பார். இரண்டாம் தடவை பார்த்தபோது, தொண்டை கட்டுவதற்கு முந்தின நாள், ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "சார், கை" என்று சொல்லிவிட்டாள். படுக்கையில் இருந்தவள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். அவர் கையுறையை மாற்றவில்லை. இவளை வெளியே போகச் சொன்னார். படுக்கையில் இருந்தவள் யார் என்று லேப் அக்கா கேட்கவில்லை. ரேடியோவே சொன்னாள், அந்த மூன்றாவது பெண்தான் என்று.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முடிவு தெளிவாக வந்தது. அதே கிருமி, அதே வகை. அந்தப் புண்ணிலிருந்துதான் அந்த மூவருக்கும் போனதா என்று அடித்துச் சொல்ல மத்திய ஆய்வகத்தில் இன்னொரு சோதனை செய்ய வேண்டும். அதையும் பதிவேட்டில் ஒரு வரி எழுதினாள். எழுதி மை காய்வதற்குள் கதவில் கொழுந்தன்.

கையில், வியாழக்கிழமைத் தட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, முடிவுக்குக் காத்திராமல் தட்டச்சு செய்த அறிக்கை. பத்தொன்பது எண்களையும் வரிசையாகப் போட்டுச் 'சுத்தம்' என்று எழுதியிருந்தது. கடைசியில், 'மாதிரி எண் 20-அ: துப்புரவுப் பணியாளர், தோல் புண். கிருமி உள்ளது. பணியிலிருந்து நீக்கப்பட்டார்.' பதினான்காம் எண்ணில் ஏற்கெனவே சுத்தமாக இருந்த அதே ரேடியோ, இருபதில் இன்னொரு தரம் பிறந்து வந்திருந்தாள். கீழே லேப் பரிசோதகர் கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு.

"பெரிய டாக்டர் என்ன பண்ணப்போறாராம்?" என்றாள்.

களிம்பு தடவிக்கொள்வாராம். மாஸ்க் நாடாவைக் காதில் மாட்டாமல் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்வாராம். திங்கட்கிழமை நான்கும் அவரையே நம்பி வருகிற கேஸ்களாம். லேப் அக்காவுக்கு அருவருப்பாக இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு, மறுபடி எடுத்த மாதிரி சுத்தம் என்று தெரியும்வரை பத்துப் பதினைந்து நாள் பிரசவ அறைப் பக்கம் வராமல் இருந்தால் தீர்ந்துபோகும் விஷயம். யாருடைய வேலையும் போகாது, யாருடைய மானமும் போகாது. அந்தப் பதினைந்து நாள் வீட்டில் இருக்க மாட்டாத ஒரு மனிதருக்காக, ஒருத்தியின் பிழைப்பில் கைவைக்கிறார்கள், இன்னும் நான்கு பேரைக் கொண்டுவந்து அந்தக் காதுக்குக் கீழே படுக்கவைக்கிறார்கள்.

"அண்ணி, நம்ம வீட்டு விஷயம் மாதிரி நினைச்சுக்கங்க. ஒரு கையெழுத்து. அந்தம்மாவுக்கு வேற எடத்துல நானே வேலை பார்த்துத் தர்றேன்."

"நம்ம வீட்டு விஷயம்தான் தம்பி. தொண்டை வலிதானேன்னு உங்க வீட்டுல விட்டுட்டாங்க. உங்க அண்ணன் இன்னும் படியில நின்னு நின்னு ஏறுறாரு."

கொழுந்தன் முகம் ஒரு கணம் மாறியது. மாறிய முகத்தை உடனே மேனேஜர் வந்து எடுத்துக்கொண்டார்.

"அண்ணனுக்கு ஊசிகூட இங்கதானே போடறோம், அண்ணி."

"அந்த ஊசி உலகத்துல இந்த ஒரு ஆஸ்பத்திரிலதான் காய்க்குதா?"

காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் யோசித்துச் சொல்லும்படி கூறிவிட்டுப் போனார். யோசிக்க என்ன இருக்கிறது? அவள் உடனே நோய்த்தடுப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே இருந்தவர் கொட்டாவிக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார். மெயிலில் அனுப்பலாமா என்றால், அச்சு எடுக்கும் ஆள் விடுப்பாம். நேரில் தரலாமா என்றால், தபால் பதிவு எண் இல்லாத கடிதம் அவர்கள் கணக்கில் கடிதமே இல்லையாம். சனிக்கிழமை மூன்று மணிக்குள் விரைவுத் தபாலில், கையெழுத்தோடும் ஆதாரத்தோடும் வந்து சேர்ந்தால், திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆய்வாளர் வருவார், அவர் பார்க்கும்வரை வார்டைத் திறக்க முடியாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கொட்டாவி வரவில்லை.

ஆதாரம். பதிவேட்டு நகல் இருக்கிறது. பெரிய டாக்டரின் கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது. ஆனால் 20-அ யாருடைய காது என்று பார்த்த கண்கள் வேண்டும். படிவம் தொண்டைக்கானது என்று சொல்லி நழுவிவிடுவார்கள். லேப் அக்கா மாடி ஏறித் தலைமை நர்ஸிடம் போனாள். அந்த அம்மாள் யாருக்கும் நல்லவளும் இல்லை, கெட்டவளும் இல்லை. ஊசி போடும்போதுகூட முகம் பார்த்துப் பேசமாட்டாள். ஆனால் கூட்டம் என்றால் ஒரு இருமலைக்கூட விடாமல் நோட்டில் ஏற்றிவிடுவாள். புதன்கிழமைப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். யார் யார், எங்கெங்கே உட்கார்ந்தார்கள், எந்த நாற்காலியில் பை இருந்தது என்று தொடங்கி, பத்தாவது வரியில் இப்படி இருந்தது: 'பெரிய டாக்டர் அவர்களின் தொண்டையிலிருந்தும், வலது காதுக்குப் பின்னுள்ள புண்ணிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டது. எண் 20, 20-அ.' கீழே ஐந்து பேரின் கையெழுத்து. அதில் பெரிய டாக்டருடையதும் மேனேஜருடையதும் உண்டு. இருவரும் படிக்காமல் போட்டிருக்கிறார்கள். அந்த நோட்டில் என்ன ஏறுகிறது என்று இருவருமே எண்ணிப்பார்த்ததில்லை.

"இதுக்கு ஒரு நகல் கிடைக்குமா?" என்று தயங்கினாள் லேப் அக்கா.

"கேட்டா குடுக்கணும். அதுக்குத்தானே நோட்டு," என்றாள் தலைமை நர்ஸ். நகல் எடுத்து முத்திரையும் குத்திக் கொடுத்தாள். கதவு வரை போனவளைக் கூப்பிட்டு, "வர்ற செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்காரருக்கு ஊசி நாள். வரச் சொல்லு. அந்த நோட்டும் என்கிட்டதான் இருக்கு," என்றாள்.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த மாதிரியே: இடப்பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், ஒரு வரி விட்டுப் பொருள். பொருளில் 'மூன்று தாய்மார்களுக்கு வந்த காய்ச்சலும் மறைக்கப்பட்ட மாதிரி எண் 20-அ-வும்' என்று எழுதினாள். கோபத்தில் முதல் பத்தி நீண்டுபோனது. பதினோரு சுவரொட்டிகளைப் பற்றியெல்லாம் வந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, தேதி, மணி, எண், யார் பார்த்தார்கள் என்று மட்டும் எழுதினாள். அப்படி எழுதியதும் நடந்தது இன்னும் கேவலமாகத் தெரிந்தது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாங்கிப் படித்தார். தம்பி பெயருக்குப் பதில் 'மேனேஜர்' என்று இருந்த இடங்களில் விரல் கொஞ்சம் நின்று நின்று போனது, படி ஏறுவது போல.

"உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடுங்க," என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே போர்வைதான். எனக்கு மூட்டு வீங்கினப்ப, அவன்தான் தெருவுக்கெல்லாம் ஓடி ஓடிச் சொல்லுவான், எங்க அண்ணனுக்குக் கால் பந்து மாதிரி ஆயிடுச்சு, வந்து பாருங்கன்னு. இப்ப ஒரு வார்டையே மூடி மறைக்கிறான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசித் தாளைத் தட்டினார். "இணைப்பு நாலுன்னு போட்டிருக்க. மூணுதான் இருக்கு."

நான்காவது, மேனேஜர் வைத்துவிட்டுப் போன தட்டச்சு அறிக்கை. பைக்குள்ளேயே இருந்துவிட்டது. எடுத்து அடியில் வைத்தாள். அந்தப் புள்ளிக்கோட்டில் கையெழுத்து இல்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தபால் நிலையம் திறந்ததும் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் உறையைக் கையில் நிறுத்துப் பார்த்து, உள்ளே என்ன, இத்தனை தடியாக இருக்கிறது என்று கேட்டார்.

"காகிதம்தான். ஒரு காது பத்தின காகிதம்."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கிறுக்கு என்று முடிவு செய்தவர் போலத் தராசில் வைத்தார். விலாசத்தை ஒரு தரம் வாசித்துக்காட்டச் சொன்னாள். வாசித்தார். இன்று மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்றார். லேப் அக்கா உறையைத் திரும்ப வாங்கி, ஜன்னல் பலகையிலேயே வைத்து, அதற்குள் கையை விட்டு நான்கு இணைப்பையும் இன்னொரு தடவை எண்ணினாள். ஓரத்தில் பசை தடவி மடித்து, கையால் நீவி, அது ஒட்டிப்பிடிக்கும்வரை உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர் முனகினார். முனகட்டும்.

ஜன்னல்காரர் பதிவு எண் ஒட்டினார், முத்திரையை இரண்டு தரம் ஓங்கிக் குத்தினார், ரசீதைக் கிழித்து நீட்டினார். பிறகு உறையைத் திரும்பிப் பாராமலே பின்னால் இருந்த சாக்குக்குள் எறிந்தார். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் லேப் அக்கா ரசீதை மடித்துப் பையில் வைத்தாள்.